பதினேழாம் இலக்கம் போட்ட முடிச்சு

பண்டத்தரிப்பு வீதியில் மீனாம்பிகைக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது. பெண்களின் சைக்கிளோட்டம் தன் வாசலால் போகப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, எந்தக் கதிரையைப் படலையடியில் போடுவது, எந்தக் குடையைப் பிடிப்பது என்று முடிவெடுத்துவிட்டார். ஓட்டத்தில் அவருக்கு அக்கறை கிடையாது. யார் வீட்டுப் பெட்டை அரைக்காற்சட்டையோடு வருகிறாள் என்று பார்க்க வேண்டும். பார்த்ததைப் பக்கத்து வீட்டுத் தயாளினிக்குச் சொல்ல வேண்டும். தயாளினியும் அருகிலேயே நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேறு விஷயம்.

மானிப்பாயில் தொடங்கி, பண்டத்தரிப்பில் திரும்பி, மூன்று முறை போய்வர வேண்டும். முதல் ஐந்து பேருக்கு மாகாண அணியில் இடம். முதற்சுற்றில் எல்லாருக்கும் முன்னால் தனியே போனது பதினேழாம் இலக்கம். பெயர் ஜெசிதா, ஊர் கொழும்புத்துறை, வீட்டில் வலை தைக்கிற தொழில், சென்ற வருடம் ஆறாவதாக வந்து ஒரு இடத்தால் தவறவிட்டவள். அடுத்த சுற்று வருவதற்குள் மீனாம்பிகை இவ்வளவையும் விசாரித்து முடித்திருந்தார்.

இரண்டாம் சுற்றில், சரியாக அவருடைய படலைக்கு நேரே, ஜெசிதாவின் பின்சில்லு சீறிக்கொண்டு காற்றுப் போனது.

சனம் கூடிவிட்டது. ஒருவர் காற்றடிக்கிற பம் கொண்டு ஓடிவந்தார், இன்னொருவர் தன் மகனின் சைக்கிளையே கழற்றத் தொடங்கினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் அருட்செல்வன் மாஸ்ரர் கொடியை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

"சைக்கிளிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது. வைச்சால் பிள்ளை ஓட்டத்திலையிருந்து வெளியிலை."

கையைக் கட்டிவிட்டால் வாய்தானே மிச்சம். ஜெசிதா சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைக் கழற்றி, இரண்டு தேக்கரண்டிக் காம்புகளால் ரயரை நெம்பி, பழைய ரியூப்பை உருவி எறிந்தாள். வீதியோரம் முழுவதும் யோசனை சொல்லியது. எல்லாரிலும் உரத்த குரல் மீனாம்பிகையுடையது.

"கெதியாய்ப் பிள்ளை, கெதியாய்! அங்கை எல்லாரும் போகினம்!"

போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று பேர், ஐந்து பேர், ஒன்பது பேர். ரயருக்குள்ளே விரலை ஓட்டிப் பார்க்கப்போன ஜெசிதா, அந்தக் குரலுக்குக் கையை எடுத்துவிட்டாள். கொண்டுவந்த ஒரேயொரு மாற்று ரியூப்பைத் திணித்து, தன் பம்மால் காற்றடித்தாள். சில்லு இறுகியது. இறுகிய உடனேயே மெல்லச் சீறியது.

குத்திய உடைவேல முள் ரயருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

யாரும் மீனாம்பிகையைப் பார்க்கவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கொஞ்சம் கதையாமல் இருங்கோ, அன்ரி," என்றாள் ஜெசிதா. கோபமாகக்கூட இல்லை.

ஒட்டுவதற்குப் பசை இல்லை. இன்னொரு ரியூப்பும் இல்லை. அவள் முள்ளைத் தேடிப் பிடுங்கினாள். பிறகு முதுகுப் பக்கம் கையை விட்டு, இலக்கத் துணியைச் சட்டையோடு கட்டியிருந்த நூலை அவிழ்த்தாள். வலை தைக்கிற நைலோன் நூல். ரியூப்பின் ஓட்டை விழுந்த இடத்தை இரண்டாக மடித்து, நூலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மடிப்பின் இரண்டு பக்கத்திலும் சுற்றத் தொடங்கினாள்.

அந்த விரல்கள் எந்த வழியால் போயின, எந்த வழியால் வந்தன என்று மீனாம்பிகைக்குத் தெரியவில்லை. ஒரு சுற்று, ஒரு வளையம், அதற்குள்ளால் இன்னொன்று. அவள் பார்வைகூட நூலில் இல்லை. வீதியில் போகிறவர்களின் முதுகில் இருந்தது. ஒரே இழுவை. முடிச்சு ரப்பருக்குள் புதைந்துபோனது. யோசனை சொன்ன ஆண்கள் ஒவ்வொருவராக வாய்மூடினார்கள். ரயர் ஏறியது, பம் ஏறி இறங்கியது. எல்லாரும் மூச்சை அடக்கிக் காதைக் கொடுத்தார்கள்.

சீறவில்லை.

ஜெசிதா ஏறியபோது இலக்கத் துணி ஒரு பக்கம் தொங்கியது. இலக்கம் விழுந்தால் ஓடியது கணக்கில் வராது. மீனாம்பிகை தாலிக்கொடியில் கொளுவியிருந்த ஊசியைக் கழற்றி, பாய்ந்து போய்த் துணியைக் குத்திவிட்டார். மாஸ்ரர் கொடியைத் தூக்கினார்.

"நான் சைக்கிளிலை தொடேல்லை, மாஸ்ரர். பிள்ளையைத்தான் தொட்டனான்."

மாஸ்ரர் யோசித்தார். கொடி மெல்ல இறங்கியது.

"இனிக் கதையுங்கோ, அன்ரி," என்றுவிட்டு ஜெசிதா மிதித்தாள்.

மீனாம்பிகை கதைக்கவில்லை. கட்டிய இடம் றோட்டில் படும்போதெல்லாம் பின்சில்லு டக், டக் என்றது. அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தபோது அவளுக்கு முன்னால் எட்டுப் பேர். மூன்றாம் முறை போகும்போது ஆறு. தயாளினி இரண்டு தரம் என்னவோ கேட்டாள், பதில் இல்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கடைசி முறை திரும்பி வருகையில் மீனாம்பிகை விரல்விட்டு எண்ணினார். ஒருத்தி. இரண்டாவது. மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தாற்போல. பிறகு வளைவில் ஒருவரையும் காணவில்லை. வெறும் றோட்டு, வெயில்.

டக். டக். டக்.

உருவம் தெரியுமுன் சத்தம் வந்தது. பிறகு அவள் வந்தாள். முதுகில் பதினேழு, அதன் ஓரத்தில் ஊசி மினுங்கியது. ஆறாவதாக வந்தவள் எங்கோ தூரத்தில் புள்ளியாக இருந்தாள். ஜெசிதா இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மீனாம்பிகை தன்னை அறியாமல் குடையை மடக்கி, எழுந்து நின்றார்.

ஐந்தாவது இடம் என்ற செய்தி மத்தியானம் வந்தது. மாலையில் கதை கேட்க ஒழுங்கைச் சனமெல்லாம் திரண்டது. மீனாம்பிகை முள்ளைச் சொன்னார், கொடியைச் சொன்னார், ஊசியை மூன்று தரம் சொன்னார். அந்தப் பிள்ளையை அவசரப்படுத்தியது யார் என்று கேட்டபோது, "சனம்தான்" என்றார். முடிச்சுப் போட்ட இடத்துக்கு வந்ததும் இரண்டு கையையும் தூக்கி, விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஒரு வளையம். அதற்குமேல் வரவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.