பெட்டிக்காரர் போகாத பயிற்சி

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில், தேடி வருகிறவர்களுக்குத் தகவல் எடுத்துக் கொடுக்கும் குறிப்புதவி நூலகருக்குப் பெட்டிக்காரர் என்று பட்டப்பெயர். ஊழியர் பயிற்சிக்கென்று வருடா வருடம் ஒரு நிதி வரும். குறித்த தேதிக்குள் செலவழிக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். மற்றவர்களுக்குப் பிள்ளையின் பரீட்சை, மாமியாருக்கு ஆபரேஷன் என்று ஏதாவது இருக்கும். இவருக்கு மனைவி இறந்து பத்து வருடமாகிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. தலைமை நூலகர் கூப்பிடுவார், இவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்குவார். ஒன்பது பயிற்சி, ஒன்பது சான்றிதழ். கற்றுக்கொண்டதை என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கும் அது குறையாகப் படவில்லை. சொல்லப்போனால், எதுவுமே எப்படியும் படவில்லை. விடுதிக் கட்டிலும் வீட்டுக் கட்டிலும் அவருக்கு ஒன்றுதான்; சாப்பாடு எந்த ஊரிலும் ஹோட்டலில்தான்.

பத்தாவது பயிற்சி பழைய கடிதங்களைப் பட்டியலிடுவது பற்றியது. மூன்று வாரம். கையெழுத்துப் போட அவர் போனபோது புத்தகங்களை வகை பிரித்துப் பதியும் பட்டியல் பிரிவில் இருக்கும் பெண் தலைமை நூலகரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இறந்துபோன பேராசிரியர் ஒருவரின் கடிதங்கள் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளில் நான்கு வருடமாக அவள் அறையில் கிடந்தன. அதற்காகவே இந்த மாதிரிப் பயிற்சிக்கு மூன்று முறை விண்ணப்பித்திருந்தாள். அவள் போனால் பட்டியல் வேலையை யார் பார்ப்பது என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்போதும் அதே பதில்தான். அவள் விண்ணப்பத்தை நாலாக மடித்தாள்.

பெட்டிக்காரருக்கு இரக்கம் பொங்கிற்று என்று சொல்ல முடியாது. பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டார், அவ்வளவுதான்.

"அவங்க போகட்டும் சார். அந்த சீட்டுல நான் உக்காந்துக்கறேன்."

"பட்டியல் வேலை உங்களுக்குத் தெரியுமா?"

"ஆறாவது கோர்ஸ்ல அதைத்தான் சொல்லிக்குடுத்தாங்க. சான்றிதழ் உங்க ஃபைல்லதான் இருக்கு."

தலைமை நூலகர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது. குறிப்புதவி மேசையைத் தானே பார்த்துக்கொள்வதாக முனகியபடி பெயரை அடித்து மாற்றினார்.

முதல் வாரம் நாளொன்றுக்கு நாலு புத்தகம் தேறுவதே பெரும்பாடாக இருந்தது. ஒரு மண்ணியல் நூலைச் சமையல் பக்கம் சேர்த்து, மறுநாள் தானே கண்டுபிடித்துத் திருத்தினார். அப்புறம் கை பழகிவிட்டது. பயிற்சி முடிந்து அவள் வந்தபோது மேசைமேல் பாக்கி என்று எதுவும் இல்லை.

அன்று மதியமே அவள் முதல் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டே, எதற்காகத் தனக்கு விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தார். பெரிதாகக் காரணம் எதுவும் அகப்படவில்லை. அதையே சொன்னார். அவள் சிரித்துவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். இந்த முறை எந்த ஊர் என்று கேட்டாள். போகவில்லை என்றதும் பதறிப்போய், உடம்புக்கு ஏதாவதா என்றாள். நடந்ததைச் சொன்னார்.

"நல்ல காரியம்டா. மனசுக்கு சந்தோஷமா இருக்கா?"

"தெரியலக்கா. மூணு வாரமா வீட்லயே சமைச்சு சாப்பிடறேன்."

என்ன சமைத்தாய் என்று அக்கா கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.