பலகையின் முகம் எந்தப் பக்கம்

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினால் அடுத்த வீட்டில் டிவியின் சத்தத்தைக் கூட்ட வேண்டும். சுவருக்கும் சுவருக்கும் ஐந்தரை அடிதான். அண்ணன் வீடும் தம்பி வீடும் அப்படித்தான் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றன. நடுவில் இருந்த அந்தச் சந்தில் இரண்டு வீட்டாரும் இத்தனை வருடம் பொதுவில் புழங்கினார்கள். இப்போது அதில் வேலி போட்டே தீர வேண்டும் என்று அண்ணன் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். யார் வீட்டு வேலையானாலும் பக்கத்தில் நின்று பார்த்து நாலு யோசனை சொல்லாமல் நகராதவள் என்பதால் தெரு அவளுக்கு வைத்திருந்த பெயர் சூப்பர்வைசர்.

காரணம் தெருவுக்கே தெரியும். நான்கு மாதத்துக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக அவள் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள். அவ்வளவாகப் பழக்கமில்லாத தையல்கடைக்காரிகூட ஒரு பை ஆரஞ்சோடு வந்து பார்த்தாள். சுவரை ஒட்டி இருக்கும் ஓரகத்தி சின்னவள்தான் எட்டிப் பார்க்கவில்லை. கொழுந்தன் மட்டும் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் செல்போனைப் பார்த்துவிட்டுப் போனார். வீடு திரும்பிய அன்றே சூப்பர்வைசர் சமையலறை ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். பேச்சும் நின்றது. சின்னவளோ, ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை. அதுதான் இவளை உட்காரவிடாமல் அடித்தது. நாம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதை எதிராளி கண்டுகொள்ளவே இல்லை என்றால் அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலி என்று ஆரம்பித்தால் கேட்டுத்தானே ஆக வேண்டும். இந்தத் திட்டம் அவள் கணவருக்குக்கூடத் தெரியாது. வேலி போடப் போகிறேன் என்றதற்கு அவர் ‘உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு நாளிதழின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

வேலிக்காரர் காலையிலேயே வந்து, சந்தின் இரண்டு முனையிலும் முளை அடித்து, நடுவில் நூல் கட்டினார். பலகை வேலிக்கு முகம் ஒன்று, முதுகு ஒன்று என்று விளக்கினார். முகம் வழவழப்பாக இருக்கும். முதுகில் குறுக்குச் சட்டமும் போல்ட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். உயரம் எவ்வளவு, முகம் யார் பக்கம் என்று இரண்டு வீடும் சொல்லாமல் குழி தோண்ட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று என்று சூப்பர்வைசர் அவரையே தூது அனுப்பினாள்.

நான்கு அடி என்றாள். சரி என்று பதில் வந்தது. ஐந்து என்றாள். சரி. ஆறு என்றாள். அக்கா சொன்னால் சரிதான் என்று வந்தது. முகம் எங்கள் பக்கம், முதுகு அவள் பக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள். திரையை ஒரு விரல் அளவு விலக்கினாள், யாராவது பார்ப்பார்களோ என்று விட்டாள். முதுகுக்கும் சரி என்றே பதில் வந்தது.

ஐந்தாவது முறை போக வேலிக்காரர் மறுத்துவிட்டார். “முதுகுப் பக்கம் நின்னுதாம்மா போல்ட் முடுக்கணும். ரெண்டு நாள் அவங்க வாசல்லயே நிப்போம். அத நீங்களே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. என்னால அலைய முடியாது.”

வேறு வழியில்லாமல் தானே தம்பி வீட்டுக்குப் போனாள். சின்னவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்கள் இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றதும், நிற்கட்டும் அக்கா என்றாள், தலை நிமிராமல்.

சூப்பர்வைசருக்குப் பொறுமை அறுந்தது. “வேலி எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா நீ?”

“ஆஸ்பத்திரிக்கு வரலன்னுதானே?”

“தெரிஞ்சுக்கிட்டேவா? ஏன் வரல?”

“அப்ப உங்க மேல கோவமா இருந்தேன்.”

“எதுக்கு?”

சின்னவள் கத்தியை நிறுத்தி நிஜமாகவே யோசித்தாள். “மறந்துபோச்சுக்கா.”

நான்கு மாதம் பொத்திப் பொத்தி வளர்த்த மனத்தாங்கலுக்குக் கிடைத்த பதில் இது. மறந்துபோச்சு என்றால் விட்டுவிட முடியுமா? சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஞாபகப்படுத்தும் வேலையைத் தானே கையில் எடுத்தாள்.

“உன் புது சோபா பழசுக்கு உறை மாத்தினதுன்னு சொன்னேனே, அதுக்கா?”

“அப்படியா சொன்னீங்க?”

“அப்ப அது இல்ல. நீ டிரைவிங் டெஸ்ட்ல மூணு தடவ ஃபெயில் ஆனதத் தையல்கடையில சொன்னதுக்கா?”

“ஓ. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நானும் மண்டைய உடைச்சுக்கிட்டுதான் இருந்தேன்.”

மூன்றாவது, சவுரி முடி பற்றியது. அதைப் பாதியில் விழுங்கிவிட்டாள். ஆனால் சின்னவளின் கை பின்னலுக்குப் போய்விட்டது.

“அக்கா, வேலி ஏழடி போடச் சொல்லுங்க. முகம் என் பக்கம்.”

“வேலி போடறது நான்டி.”

“சந்துல பாதி எங்களுது. சட்டத்தையும் போல்ட்டையும் நீங்களே பாத்துட்டு இருங்க.”

அதற்கப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. கல்யாணமாகி வந்த புதிதில் யார் யாருக்குத் தலை பின்னிவிட மறுத்தார்கள் என்பது வரைக்கும் போய்த் திரும்பியது. அந்தச் சுற்றில்தான் சின்னவள் உள்ளதைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வராதது தப்பு என்று அப்போதே தெரிந்ததாம். பெரியவள் வீடு வந்ததும் திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாளாம். “நீங்க என்னடான்னா திரையப் போட்டுட்டீங்க. உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருந்துச்சு. அதான் எல்லாத்துக்கும் சரி சரின்னேன்.”

சூப்பர்வைசர் ஒரு பீன்ஸ் துண்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு, நறுக்கியது இவ்வளவு நீளமாக இருந்தால் எப்படி வேகும் என்று கேட்டாள்.

வெளியே வேலிக்காரர் எழுந்து நின்றார். “சரின்னாங்களாம்மா?”

“எங்க! எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கிறா.” உள்ளே நாளிதழைத் தாழ்த்திப் பார்த்த கணவருக்கு, மனைவியின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை ஆஸ்பத்திரிக்கு முன்பு பார்த்ததாகத்தான் ஞாபகம். “முகம் அவ பக்கம்தான் வேணுமாம். நாளைக்கு வாங்க, நாங்க இன்னும் பேசி முடிக்கல” என்று சொல்லிக்கொண்டே, தன் சமையலறையில் கிடைத்த காய் நறுக்கும் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குள் திரும்பிப் போனாள்.