தூக்கத் தூக்க

தங்கைக்கு இயற்பியல் என்றால் உயிர். கணக்குதான் ஏறவே ஏறாது. பரீட்சையில் சூத்திரம் கேட்டால் படம் வரைந்து வைப்பாள், மதிப்பெண் வருமா? படிப்பு பாதியில் நின்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆனாலும் எதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் விடவில்லை.

வீடு மாற்றிய அன்று, இடுப்புப் பிடிப்பு என்று வண்டிக்காரர் மாடி ஏற மறுத்துவிட்டார். இரும்பு பீரோவை அக்காவும் தங்கையுமே இறக்க வேண்டியதாயிற்று. தங்கை நோஞ்சான் என்று சொல்லி அக்காவே கீழ்முனையைப் பிடித்தாள்.

பாதிப் படியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"கனக்குதுடி."

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு தன் முனையை உயர்த்தினாள். அக்காவின் முகம் சிவந்தது. இன்னும் உயர்த்தினாள். அக்கா முனகினாள்.

அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. இருவரும் பிடித்திருப்பது படுக்கவைத்த பீரோவின் அடிப்பக்கத்தை. கனமோ அதற்கு மேலே, நடுவயிற்றில். அங்கிருந்து ஒரு நூல் நேராகத் தொங்குவதாக நினைத்துப் பார்த்தாள். சமதரையில் அது இருவருக்கும் நடுவில் விழும். சாய்க்கச் சாய்க்க அக்கா பக்கம் நகரும். இவள் தூக்கத் தூக்க, பாரமெல்லாம் அக்காவுக்கே போய்க்கொண்டிருந்தது.

பதறிப்போய்த் தன் முனையைத் தாழ்த்தினாள். இரும்பு படியில் பட்டதும் வழவழவென்று சறுக்கி அக்காவை நெட்டியது. மறுபடி தூக்கினாள். தாழ்த்தினால் சறுக்கும், தூக்கினால் கனக்கும். எதிர்வீடு பூட்டியிருந்தது. வண்டிக்காரரைக் கூப்பிட்டாள், தெருச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காரணம் அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. கைதான் இரண்டே இருந்தது.

அக்காவின் பிடி நழுவியது. பீரோ அவளைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டு நின்றது.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த அக்கா, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் அப்படித் தூக்கிப் பிடிக்கலைன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்டி."

தங்கை மாத்திரை அட்டைப்பெட்டியை எடுத்துச் சாய்த்துக் காட்டி, நூலைப் பற்றியும் பாரம் நகர்ந்ததைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"நீ தூக்கினா எனக்கு எப்படிடி கனம் கூடும்? சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காத."

தங்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஊசி மயக்கத்தில் அக்காவின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன.