இரண்டு விரல் துணி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். தொலைபேசியில் மொழிபெயர்ப்பது என் வேலை. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாராவது பாஷை தெரியாமல் திருதிருவென்று முழித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பேசி முடித்து வைத்துவிட்டால் அவர்கள் யாரோ, நான் யாரோ. அன்று வந்த அழைப்பு பதினொரு நிமிடம். விமான நிலையத்தில், பெட்டி வராதவர்கள் போய் நிற்கிற கவுண்டரிலிருந்து.

அந்தப் பதினொரு நிமிடத்தில் அங்கே நின்ற ஒருவர் சொன்ன ஒன்றை நான் விழுங்கிவிட்டேன். அது இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மழை சோவென்று பெய்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத அந்த நகரம் அவரைப் போலவே அழுது—

சே! நகரமாவது அழுவதாவது. மழை பெய்தது நிஜம். ஃபோனிலேயே சத்தம் கேட்டது. அதோடு விடுகிறேன்.

இரண்டாவது தொடக்கம்: தையல்காரர் கவுண்டர் முன் நின்றார். விமானத்திலிருந்து பஸ்ஸுக்கு நடந்ததிலேயே தோள் நனைந்துவிட்டது. முதல் விமானம் நாலு மணி நேரம் தாமதம். அதனால் வழியில் ஏற வேண்டிய இரண்டாவது விமானம் போய்விட்டது. ராத்திரி பூரா ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, காலையில் வேறொன்றில் ஏற்றிவிட்டார்கள். நேற்றே வந்திருக்க வேண்டியவர் இன்று மதியம் வந்து சேர்ந்தார். பெட்டி வரவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் தம்பியை அடக்கம் செய்கிறார்கள். தம்பிக்குப் போட்டு அனுப்ப வேண்டிய சட்டை அந்தப் பெட்டியில் இருந்தது.

(இது போதும். அலங்காரம் வேண்டாம்.)

3

"பெட்டியில என்னென்ன இருக்குன்னு கேக்கறாங்க," என்றேன்.

"ஒரு வெள்ளைச் சட்டைங்க. அப்புறம் என் கத்தரி, ஊசி, நூல்கண்டு. என் துணிமணி ரெண்டு இருக்கு, அது போனா போகுது."

"சட்டை என்ன அளவு?"

"மார்பு நாப்பத்திரண்டு. தம்பி பொண்ணு அளந்து ஃபோன்ல சொன்னா. எட்டு மாசமா அவன் படுத்த படுக்கைங்க, பாவம். அவதான் என்னைக் கூட்டிட்டுப் போக வெளியில நிக்கறா. உள்ள விடமாட்டாங்களாம்."

(எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவருக்கு நாற்பத்திரண்டா? பொத்தான் தைக்கக்கூடத் தெரியாத எனக்கே உறைத்தது.)

"சட்டையைக் கைப்பையில வெச்சு மடியிலயே கொண்டு வரணும்னுதான் இருந்தேன். பையில கத்தரி இருக்கக் கூடாது, பெட்டியில போடுன்னாங்க. பின்னாடி கூட்டம் நெருக்குது. அவசரத்துல பையோட தூக்கிப் பெட்டிக்குள்ள திணிச்சுட்டேன். புத்தி கெட்டவன் நான்."

"பெட்டிக்கு ஏதாவது அடையாளம்?"

"கறுப்புப் பெட்டி. கைப்பிடியில பச்சை நூல் சுத்தியிருக்கேன்." அப்புறம் சொன்னார். "சட்டைக்கும் அடையாளம் இருக்குங்க. பக்கத் தையலுக்குள்ள ரெண்டு விரல் துணி விட்டிருப்பேன். சின்னதுல இருந்தே அவன் சட்டைக்கு அப்படித்தான். வளர்ற பையன், பிரிச்சு விட்டுக்கலாம்னு. இப்பவும் கை தானா விட்டுடுச்சு. இனிமே அவன் எங்கங்க வளரப் போறான்?"

நான் கவுண்டர் பெண்ணிடம் சொன்னது: வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெட்டி, பச்சை நூல்.

மீதியைச் சொல்லவில்லை. படிவத்தில் இடம் இரண்டே வரி என்று சாக்குச் சொல்லலாம். சொன்னால் என் குரல் உடைந்துவிடும் என்று பயந்தேன், அதுதான் நிஜம்.

4

இப்போது தம்பி மகளைப் பற்றி. அவள் குரலைக்கூட நான் கேட்டதில்லை. இனி வருவதெல்லாம் என் ஊகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரதியில் அவளை அலட்சியக்காரி ஆக்கியிருந்தேன். தப்பு. அவள் இஞ்ச் டேப்போடு, ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அப்பாவிடம் போயிருக்கிறாள். கை வரவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த பழைய சட்டையை அளந்து சொல்லிவிட்டாள். உங்க தம்பி இப்படி எலும்பும் தோலுமாகப் போய்விட்டார் என்று பெரியப்பாவிடம் எந்த வாயால் சொல்வாள்? இப்போது குடையோடு வெளியே நின்று, பெட்டி வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். வந்தால் சட்டை தொளதொளக்கும். அவள் அப்பாவை அளக்கவேயில்லை என்று பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். "கடையில ஒண்ணு வாங்கிக்கலாம் பெரியப்பா," என்று சொல்ல வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறாள்.

அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆஹா, கதை கிடைத்துவிட்டது என்று மூன்று நாள் மிதப்பில் திரிந்தேன்.

நாலாம் நாள் அந்தக் கத்தரி ஞாபகம் வந்தது.

அளவு சரியென்று நம்புகிறவர் சாவு வீட்டுக்குக் கத்தரியும் ஊசியும் எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்? ஆயுசு பூரா ஆளைப் பார்த்தே அளவு சொன்ன மனுஷன். அவருக்கு ஃபோனிலேயே தெரிந்திருக்கிறது. நாற்பத்திரண்டு என்று அவள் சொன்னதும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, நாற்பத்திரண்டுக்கே வெட்டியிருக்கிறார். வந்த இடத்தில் யாரும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்து சட்டையைப் பிடித்துச் சின்னதாக்கிக்கொள்ளலாம், குழந்தை மனசு நோக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அதற்குத்தான் கத்தரி. அந்தக் கத்தரியால்தான் சட்டை மடியை விட்டுப் போனது.

இது புரிந்த அன்றுதான் முடிவை எழுத உட்கார்ந்தேன்.

5

முடிவு ஒன்று: காலை எட்டு மணிக்குப் பெட்டி வருகிறது. அவர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவள் வெளியே நின்று கத்தரிச் சத்தத்தைக் கேட்கிறாள். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கொடுக்க நான் யார்?)

முடிவு இரண்டு: பெட்டி வரவில்லை. அவர் தான் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி— (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: பெட்டி மூன்றாம் நாள்—

இல்லை, என்னால் முடியாது.

அழைப்பு எப்படி முடிந்தது என்று மட்டும் தெரியும். "உங்க பேச்சுதாங்க அந்தம்மாவுக்குப் புரியும்," என்றார். "நான் சொன்னதையெல்லாம் கொஞ்சம் நல்லா எடுத்துச் சொல்லுங்க."

"எல்லாத்தையும் சொல்லிட்டேங்க," என்றேன்.

லைன் கட்டாகிவிட்டது.

விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன், உங்களிடமாவது. கறுப்புப் பெட்டி. கைப்பிடியில் பச்சை நூல். உள்ளே வெள்ளைச் சட்டை. பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு விரல் துணி விட்டிருக்கும். வளர்கிற பையனுடையது. என் கதையில் இன்னும் பத்து மணி ஆகவில்லை. எங்கேயாவது கண்ணில் பட்டால் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தம்பி மகள் பார்க்காதபோது கொடுங்கள்.