சரியாயிடும்

சவுரியம்மாள் சிஸ்டருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் மூச்சுவிடமாட்டாள். முப்பத்துநாலு வருடம் மிஷன் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக நின்ற கால் அது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழுவில் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குக் கோயிலின் சார்பில் நோயாளிகளைச் சந்திக்கும் வேலையும் அவள் தலையில்தான். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொல்வாள். யார் வீடாக இருந்தாலும், "எங்களுக்கும் ஒண்ணு சொல்லிட்டுப் போங்க சிஸ்டர்" என்பார்கள். ஐந்து வேளைத் தொழுகை தவறாத வாணியம்பாடி வாஹித் பாஷாவே கேட்டிருக்கிறார். சாமியாருக்குப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட பாவம் எப்படி ரகசியமோ, அப்படித்தான் அவளுக்கு நோயாளி சொன்ன சொல்.

இந்த இரண்டாவது பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

பாக்யலட்சுமியின் வீட்டுக்கு அவள் முதலில் போனது ஆடி மாதத்தில். ஆம்பூரில் ரயில்வே லைனுக்குப் பின்னால் இரண்டே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். பாக்யலட்சுமி ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவள். நாற்பத்துமூன்று வயது. கர்ப்பப்பை வாயில் புற்று. வேலூரில் கரண்ட் வைத்து, கதிர்வீச்சில் பொசுக்கிப் பார்த்தார்கள். இனி வலி தெரியாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வாசலிலேயே அவள் புருஷன் ஆதிகேசவன் சிஸ்டரை மறித்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்பவன். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். சாதா கட்டி, கரைச்சாச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சா அன்னிக்கே போய்டுவா. உங்க வாயால வந்துடக் கூடாது."

சவுரியம்மாள் தலையாட்டினாள். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் நடக்கிற பேச்சுத்தான் இது. உள்ளே இருப்பவர் என்ன கேட்டாலும் "சரியாயிடும்" என்பாள். அதையும் ஒரு மருந்து மாதிரி கொடுத்துப் பழகியிருந்தாள். அவள் சொன்னால் நிஜமாகவே பாதி வலி இறங்கியது; அதனால் அதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை.

வாரம் இரண்டு நாள் போனாள். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் கொஞ்சம் அடங்கும். பாக்யலட்சுமி கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"உங்களுக்குக் கொமட்டலியா சிஸ்டர்?"

"உன் வீட்டுக்காரர் சட்டையைவிடவா?"

பாக்யலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியோடு சிரித்தாள் என்றாலும் சிரித்தாள்.

மூன்றாவது வாரம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். "சிஸ்டர், நான் பொழைப்பேனா?"

கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பதில் சொல்ல வேண்டிய இடம் அது. சவுரியம்மாளோ, "இன்னா பேச்சு இது? சரியாயிடும். வா, செபம் சொல்லலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே, இந்தப் பிள்ளையை எழுந்து நடக்க வையும் என்று உருகி உருகிச் சொன்னாள். அவள் கண்ணை மூடியது பக்தியில் பாதி, பாக்யலட்சுமியின் கண்ணைப் பார்க்க முடியாமல் பாதி. அது செபமா, பூசி மெழுகலா என்பது அந்த ஆண்டவருக்கே வெளிச்சம்.

பாக்யலட்சுமி மலர்ந்துபோனாள். அந்த மலர்ச்சியில்தான் மனதில் கிடந்ததை எடுத்துப் போட்டாள்.

"எந்திரிச்சதும் மொத வேலை வாணியம்பாடி போகணும் சிஸ்டர். எம் பொண்ணு ஷர்மிளா அங்கதான் இருக்கா."

ஒரே மகள். மூன்று வருடத்துக்கு முன்னால், தாய்மாமன் மகனோடு நிச்சயித்துப் பத்திரிகையும் கொடுத்த பிறகு, கூட வேலை செய்த ஆல்வினோடு போய்விட்டாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல அத்தினி பேர் முன்னாடி சொன்னேன். நான் செத்தா எம் பொணத்து மூஞ்சியக்கூட நீ பாக்கக் கூடாது, வாய்க்கரிசி போடக் கூடாதுன்னு. பெத்தவ சொல்ற வார்த்தையா அது? அதத் திருப்பி எடுக்கணும். படுத்துக்கினு கூப்ட்டு விட்டா, சீக்கு வந்ததும் பொண்ணு வேண்டியிருக்குதான்னு நெனைப்பா. நடந்து போய் அவ வாசப்படியில நின்னு சொல்லணும். நீங்க யாராண்டயும் சொல்லிடாதீங்க, அவராண்டகூட. என் வாயாலதான் அது வரணும்."

அவள் இனி அந்த அறையின் வாசற்படி வரைக்கும்கூட நடக்கப் போவதில்லை என்பது சவுரியம்மாளுக்குத் தெரியும். ஆனாலும், "சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். புருஷன் சொன்னது பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது, பெண்டாட்டி சொன்னது புருஷனுக்குத் தெரியக் கூடாது. இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் அவள் இடுப்பில்.

சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. "பொண்ணுக்குச் சொல்லி அனுப்பலாமே" என்று ஆதிகேசவனிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள்.

"அவ திடீர்னு வந்து நின்னா இவளுக்கு எல்லாம் புரிஞ்சிடும் சிஸ்டர். அதுவுமில்லாம, இவ சொன்ன வார்த்தைய மீறி நான் எப்படிக் கூப்டறது?"

அடுத்த வாரம் அந்தப் பெண்ணே போன் பண்ணினாள்.

"சிஸ்டர், ஷர்மிளா பேசறேன். நீங்க எங்க வூட்டுக்கு வர்றீங்கன்னு கம்பெனில எங்க தெருப் பொண்ணு ஒண்ணு சொல்லி நம்பர் குடுத்துச்சு. அம்மாவுக்கு இன்னா? ஜாஸ்தியா இருக்குதா? நான் வந்து பாக்கட்டா?"

சொல்ல வேண்டியது முழுக்கச் சவுரியம்மாளின் நாக்கு நுனியில் நின்றது. "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. சரியாயிடும். கொஞ்சம் பொறு, அம்மாவே உங்கிட்டப் பேசுவாங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. பொல்லாத நிம்மதி அது. எத்தனை நல்ல மனிதர்களை அது கெடுத்திருக்கிறது!

புரட்டாசியில் பாக்யலட்சுமியின் கால் வீங்கியது. சிறுநீர் நின்றுபோனது. இன்னும் மூன்று நாளோ நாலு நாளோ என்று சவுரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. இரண்டு வாக்கையும் உடைத்துவிடுவது என்று முடிவெடுத்து, திங்கட்கிழமை காலையிலேயே ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினாள்.

பாக்யலட்சுமியின் காதருகே குனிந்தாள். "பாக்யா, நான் சொன்னது பொய்ம்மா. நீ எந்திரிக்க மாட்ட. ஷர்மிளாவ இப்பவே வரச் சொல்லட்டா? ஒரு வார்த்தை சொல்லு, போன்ல பேசறியா?"

பாக்யலட்சுமி கண்ணைத் திறந்தாள். பார்வை சிஸ்டரைத் தாண்டி எங்கேயோ போனது.

"கம்பெனி பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அம்மா வாயால் வராததை மகளிடம் தானாகச் சொல்லச் சவுரியம்மாளுக்கு அன்றும் துணிச்சல் வரவில்லை. மறுநாள் நண்பகலில் பாக்யலட்சுமி போய்ச் சேர்ந்தாள்.

புதன்கிழமை தெருவை அடைத்துப் பந்தல். மேளச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஷர்மிளா புருஷனோடு வந்தாள், ஆனால் தெருமுனை டீக்கடையைத் தாண்டி வரவில்லை. அங்கே சுவரோரம் நின்றுவிட்டாள். சடங்கு செய்த பெரியவர் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, "பெத்த பொண்ணு இருந்தா வரச் சொல்லுங்கப்பா" என்று குரல் கொடுத்தார்.

சவுரியம்மாள் ஆதிகேசவனிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லலியே சிஸ்டர் அவ" என்றான். பிறகு, "அவளா வந்தா நான் தடுக்க மாட்டேன். அந்த வார்த்தைய மீறிக் கூப்டவும் மாட்டேன்" என்றான்.

அங்கிருந்து டீக்கடைக்குப் போனாள். மூச்சிரைக்க ஷர்மிளாவிடம், வாசற்படியில் நின்று சொல்லணும் என்று அவள் அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள்.

"எங்கம்மா அப்படி சொல்லிச்சா?"

"சொன்னாங்கம்மா. மாதா மேல சத்தியம். வா, வந்து அரிசி போடு."

ஷர்மிளா ஓர் அடி எடுத்துவைத்தாள். பிறகு நின்றாள்.

"எப்ப சொல்லிச்சு சிஸ்டர்? நான் போன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சவுரியம்மாள் இந்த முறை பொய் சொல்லக் கூடாது என்று இருந்தாள். "முன்னாடி" என்றாள்.

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் ஒண்ணுமில்ல, சரியாயிடும்னு எங்கிட்டச் சொன்னீங்க." ஷர்மிளாவின் குரலில் கோபம்கூட இல்லை. "யாருக்கும் மனசு நோகாம பேசறவங்க நீங்க. இப்ப எனக்கு நோகக் கூடாதுன்னு இதச் சொல்றீங்க. இது நெஜமில்லன்னா, எங்கம்மா கடைசியாக் கேட்டதையும் மீறினவளாயிடுவேன் சிஸ்டர். நான் வரல."

"நெஜம்மா. இது நெஜம்."

சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது 'சரியாயிடும்' போல ஒலித்தது. அதே குரல், அதே கனிவு. முப்பத்துநாலு வருடம் பழக்கிய குரலை அந்த ஒரு நிமிடத்தில் எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

பாடை தூக்கிவிட்டார்கள். மேளம் நெருங்கி வந்தது. ஷர்மிளா டீக்கடைச் சுவர் பக்கம் திரும்பி, நெற்றியைச் சுவரில் வைத்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா பார்க்கக் கூடாது என்று சொன்ன முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆல்வின் அவள் தோளைப் பிடித்திருந்தான். பூவும் பொரியும் சிதற, பாக்யலட்சுமி அவளுக்கு மூன்றடி தூரத்தில் கடந்து போனாள்.

மேளம் பாலத்தைத் தாண்டி மங்கிய பிறகு, சுவரைப் பார்த்தபடியே ஷர்மிளா கேட்டாள்.

"அம்மா போய்டுச்சா சிஸ்டர்?"

"போய்ட்டாங்கம்மா."

அதை ஷர்மிளா உடனே நம்பினாள்.