அஸ்காலே வெள்ளை உடுத்திய திம்கத்

ஞானஸ்நானத் திருநாளான திம்கத்துக்கு முந்தின நாள், ஊர்வலம் கிளம்பும் கெதரா அன்று காலையில் அஸ்காலே தன் கறுப்பு உடையைத் துவைத்து, முறுக்கிப் பிழிந்து, முற்றத்துக் கொடியில் போட்டாள். அவள் கணவர் அடாமு இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் விதவைகள் ஒரு வருஷமாவது கறுப்பைக் கழற்ற மாட்டார்கள். இரண்டு வருஷம் உடுத்துகிறவர்களும் உண்டு. மாற்றிக் கட்ட இன்னொரு கறுப்பு வைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து, கரையில் பச்சையும் மஞ்சளும் தைத்த வெள்ளை உடையை எடுத்து உதறினாள்.

"என்னக்கா இது?"

"கண்ணாஸ்பத்திரி நர்ஸுதானே நீ? நல்லாப் பாரு. வெள்ளை."

"யாராவது பாத்தா?"

"பாக்கத்தானே கட்டுறேன். திம்கத்துக்குப் போறேன்டி. நீயும் வர்றே."

எனக்குச் சொந்த ஊர் கென்யாவில் கிசுமு, ஏரிக்கரை ஊர். நாடு தாண்டி இந்தக் கோண்டருக்கு வேலைக்கு வந்து, அஸ்காலேயின் வீட்டுப் பின்னறையில் குடியேறி ஐந்து வருஷம் ஆகப் போகிறது. நான் வந்த மாதத்தில்தான் அடாமு லாரியின் மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்தார். அதற்கு முன்பு பதினொரு வருஷம், திம்கத் ஊர்வலத்தில் எங்கள் தெருப் பெண்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுத்தவள் அஸ்காலே. படுத்தவரைப் புரட்டிப் போடவும் முதுகுப் புண்ணைக் கழுவவும் ஆள் வேண்டுமே. நாலு திம்கத் அவள் வாசலைத் தாண்டவில்லை. தூரத்தில் பறைச் சத்தம் கேட்கும்போது அவள் முணுமுணுப்பாள், அடாமு படுத்தபடியே விரலால் கட்டில் சட்டத்தில் தாளம் போடுவார். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

நானும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஊர்வலத்துக்குள் இறங்கியதில்லை. ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதோடு சரி. படிக்கிற காலத்தில் கிசுமுவில் ஒரு விளையாட்டு மைதானத்தின் வாசலில் கூட்டம் நெரித்து, என் காறை எலும்பு முறிந்தது. அதிலிருந்து பத்துப் பேர் நெருக்கி நின்றாலே எனக்கு மூச்சு அடைக்கும். அஸ்காலேவுக்கும் அது தெரியும்.

"அக்கா, என்னால முடியாதுன்னு உனக்கே தெரியும்."

"நீ வந்தா எனக்குப் பாதிப் பழி குறையும். 'அந்தக் கென்யாக்காரிதான் கெடுத்துட்டா'ன்னு சொல்லுவாங்க. இவ்வளவு நாள் குடியிருக்கே, இந்த உபகாரம்கூடப் பண்ண மாட்டியா?"

சிரித்துவிட்டேன். சிரித்ததே சம்மதம் ஆகிவிட்டது.

நாங்கள் கிளம்புவதற்குள் செய்தி போய்விட்டது. அடாமுவின் அண்ணன் பெரிஹுன் தன் மனைவியோடு வந்து நின்றார். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஒல்லி உடம்பு, கையில் கனத்த தடி.

"அஸ்காலே, தெரியாம மாத்திட்டியா, தெரிஞ்சே மாத்தினியா?"

"தெரிஞ்சேதான், மூத்தவரே. உக்காருங்க, காப்பி கொதிக்குது."

"என் தம்பியை மூடின மண்ணு இன்னும் காயல."

"மழை நின்னு நாலு மாசம் ஆச்சு. காஞ்சிருக்கும்."

அவர் மனைவி சால்வை முனையால் வாயை மூடிக்கொண்டாள். அதிர்ச்சியா சிரிப்பா, தெரியவில்லை.

"ஊர் என்ன பேசும்னு யோசிச்சியா?"

"பேசட்டும். நாலு வருஷம் இந்தப் பக்கம் எட்டியே பாக்காம வாயை மூடிக்கிட்டிருந்த ஊரு. பாவம், பேச ஆசையா இருக்கும்."

பெரிஹுன் உள்ளே போய்க் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து, வெளிக்கதவுக்கு நேரே குறுக்காகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தடியை மடியில் கிடத்தினார்.

"நான் இங்க இருக்கிற வரைக்கும் இதைத் தாண்ட மாட்டே."

அஸ்காலே சால்வையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அபோண்டி, அந்தப் பக்கம் காலைப் பிடி."

"அவர் காலையா? மன்னிப்புக் கேக்கவா?"

"நாற்காலிக் காலைடி!"

மயக்கம் தெளியாத நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை எனக்கு. அவள் கை அதைவிடப் பழகியது. ஒரே மூச்சில் நாற்காலியை அவரோடு சேர்த்துத் தூக்கி, நாலு எட்டு நடந்து, கொய்யா மரத்தடியில் இறக்கினோம். அவர் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி வந்தார்.

"இங்க நிழலா இருக்கும், மூத்தவரே. காப்பி ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க" என்றாள் அஸ்காலே. நாங்கள் தெருவில் இறங்கிவிட்டோம்.

இறக்கம் முழுவதும் வெள்ளை. மாடியிலிருந்து பார்த்தபோது பஞ்சு பரப்பியது போல இருந்த கூட்டம், உள்ளே இறங்கினதும் முழங்கையும் வியர்வையும் சாம்பிராணியுமாக இருந்தது. முன்னால் வாலிபர்கள் சிவப்புக் கம்பளத்தை விரித்து, மிதித்த பகுதியைச் சுருட்டி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முன்னே ஓடி மறுபடி விரித்தார்கள். கம்பளத்தின் மேல் சரிகைக் குடைகளின் கீழே, பட்டில் சுற்றிய தாபோத்தை, தேவாலயத்தின் புனிதப் பலகையை, தலையில் சுமந்து மூத்த குரு ஒருவர் அடி அடியாக வந்தார். தாபோத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அந்தப் பட்டுத் துணியைக் கண்டதுமே முழந்தாளிடுவார்கள். எவனோ ஒருவன் எறிந்த எலுமிச்சை என் தோளில் பட்டு உருண்டது.

"அடி, உன்னைக் கட்டிக்கக் கேக்குறான்டி" என்றாள் அஸ்காலே.

"மூச்சு விட முடியல அக்கா. இதுல கல்யாணமா?"

அவள் தன் சால்வையின் முனையையும் என் சால்வையின் முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். "இனி தொலைஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து தொலைவோம்."

எங்கள் தெருப் பெண்கள் தாபோத்துக்குப் பின்னால் வரிசை கட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். இப்போது பாட்டெடுத்துக் கொடுப்பவள் ஃபெந்தாயே; எதிர் வீட்டுக்காரி, அஸ்காலேவிடம் பாடக் கற்றவள். எங்களைப் பார்த்ததும் அவள் குரல் ஒரு கணம் தடுமாறியது. வரிசையில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நாங்கள் பத்தடி பின்னால் தனியாக நடந்தோம். எங்களைச் சுற்றி மட்டும் கூட்டம் கொஞ்சம் விலகியே வந்தது. எனக்கு அது வசதிதான். அவளுக்கு அது அடி. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

சந்தைக்குப் பிரியும் திருப்பத்தில் தாபோத் நின்றுவிட்டது.

சில வருஷங்களில் அப்படி நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சுமக்கிறவருக்குக் கால் எழாதாம். ஏதோ குறை, ஏதோ தப்பு என்று எல்லோரும் மன்றாடுவார்களாம். பறை ஓய்ந்தது. பாட்டு ஓய்ந்தது. குரு கண்ணை மூடிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒரு குழந்தை இருமுவது கேட்டது.

அப்போது பின்னாலிருந்து தடியைத் தட்டிக்கொண்டு பெரிஹுன் வந்துவிட்டார்.

"வேற காரணம் தேடாதீங்க! புருஷன் போயி ஏழு மாசத்துல வெள்ளை கட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க, இவளாலதான்!"

எல்லா முகமும் திரும்பியது. விலகியிருந்த கூட்டம் இப்போது நெருங்கியது. "வீட்டுக்குப் போம்மா" என்றது ஒரு குரல். "வெளிநாட்டுக்காரி பேச்சைக் கேட்டு வந்திருப்பா" என்றது இன்னொன்று. யாரோ அஸ்காலேயின் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். எனக்குக் காது அடைத்தது. பழைய எலும்பு வலித்தது. இடது பக்கம் ஒரு சந்து காலியாகக் கிடந்தது. என் கண் அங்கேயே போனது.

அஸ்காலே அதைக் கவனித்துவிட்டாள். மெதுவாகச் சால்வை முடிச்சை அவிழ்த்தாள். "போறதுன்னா போ, பொண்ணே. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நான் முடிச்சை மறுபடி போட்டேன். ஒன்றுக்கு இரண்டாக. பிறகு பெரிஹுனைப் பார்த்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு இந்த ஊர் மொழியான அம்ஹாரிக்கில் ஆண்பால் பெண்பால் குழம்பிவிடும். "நாலு வருஷம் இவன் தூங்கல! உங்க தம்பியை இவன் ஒருத்தன்தான் கழுவினான்! நீங்க எங்க இருந்தீங்க?"

"எவன்?" என்று ஒரு வாலிபன் கேட்க, நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பில் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. அந்த இடைவெளியில் அஸ்காலே என்னையும் இழுத்துக்கொண்டு கம்பளத்தின் ஓரத்துக்கே போய்விட்டாள். அவள் மனிதர்களிடம் பேசவில்லை. குடையின் கீழே இருந்த பட்டுத் துணியைப் பார்த்துப் பேசினாள்.

"நீ எனக்காகத்தான் நிக்கிறேன்னா, நில்லு. நாலு வருஷமா ஏன் வரலைன்னுதானே கேக்குறே? ஆள் படுத்திருந்தாரு, பாத்துக்கிட்டிருந்தேன். அவரு படுத்திருக்கும்போதே அழுது முடிச்சிட்டேன். இனி அழச் சொன்னா வராது. பாடச் சொன்னா வரும்."

பாட்டெடுத்தாள். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. எதிர்ப்பாட்டு வரவேண்டிய இடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை குரல் நின்றது; பதில்தான் இல்லை. மூன்றாவது தடவை எடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் பெண்கள் போடுகிற குலவை தெரியும். அதைப் போட்டேன். இவர்கள் குலவை மாதிரி மெல்லிசாக இருக்காது அது. ஏரிக்கு அக்கரையில் இருக்கிறவர்களைக் கூப்பிடுகிற குலவை.

ஃபெந்தாயே திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், அஸ்காலேயைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனின் பறையைத் தன் கைக்கு இழுத்து ஒரு தட்டுத் தட்டி, எதிர்ப்பாட்டை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். எல்லோரும் இல்லை, பாதிப் பேர் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் பாதிப் பேரே அந்தத் தெருவை நிறைக்கப் போதுமாக இருந்தார்கள்.

குரு கண்ணைத் திறந்தார். ஒரு கால் எடுத்து வைத்தார். தாபோத் நகர்ந்தது.

ஏன் நின்றது, ஏன் நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது. பெரிஹுன் அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்: கம்பளம் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம், அதை எடுக்கிற வரைக்கும் நின்றதாம், வேறு ஒன்றும் இல்லையாம்.

மறுநாள் விடியலில், ஊர்வலம் போய்ச் சேர்ந்திருந்த குளக்கரையில் தண்ணீர் மந்திரித்துத் தெளித்தபோது நானும் அந்த நெரிசலுக்குள் இருந்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயத்தோடுதான் முழங்கையால் இடித்து வழி பண்ணினேன். முன்னால் நின்றவனிடம் "தள்ளுப்பா, நானும் நனையணும்" என்று கத்தினேன். தொப்பலாக நனைந்தோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தலைநகர் அடிஸிலிருக்கும் அஸ்காலேயின் மகள் இரண்டு மாதம் ஃபோன் எடுக்கவில்லை. காப்பிக்கு வந்துகொண்டிருந்த மூன்று வீட்டார் வருவதை நிறுத்தினார்கள். நல்லது கெட்டதுக்குக் கூடுகிற தெருச் சங்கம் அவளைக் கூப்பிட்டு அனுப்பியது. பெரிஹுன் எழுதி வைத்திருந்த காகிதத்தைத் தலைவர் படித்தார்: எல்லோர் முன்னிலும் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு வருஷம் முடிகிற வரைக்கும் பொது இடத்தில் பாடக் கூடாது.

அஸ்காலே எழுந்தாள்.

"எழுந்திருக்கச் சொன்னீங்க, எழுந்துட்டேன். மன்னிப்பு கேக்க மாட்டேன். என்னைச் சங்கத்தை விட்டுத் தள்ளணும்னா தள்ளுங்க. நான் செத்தா தூக்க இந்தக் கென்யாக்காரி இருக்கா, அவ கையில பலம் இருக்கு."

ஃபெந்தாயேயும் எழுந்தாள். "தள்ளுறதுன்னா என்னையும் சேத்துத் தள்ளுங்க. அடுத்த மாசத் திருநாளுக்கு ஒத்திகை இருக்கு. இவ இல்லாம எனக்கு மேல் சுருதி எட்டாது."

தலைவர் காகிதத்தை மடித்தார். பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு இன்றுவரை வரவில்லை.

ஒத்திகை எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நடக்கிறது. என்னையும் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். வார்த்தைகளை இன்னும் தப்பாகத்தான் சொல்கிறேன். திருத்துகிறார்கள், மறுபடி சொல்கிறேன்.