கடலைக்காட்டில் ஒரு மறுப்பு

கண்ணாத்தாளோடு எவரும் பேசலாகாது. அவள் வீட்டுக்கு நெருப்போ நீரோ தரலாகாது. அவள் காட்டில் வேலைக்கு இறங்கலாகாது. மீறிப் பேசுபவருக்கும் அதே விலக்கு. மாரியம்மன் கோயில் முன் நின்று ஊர்க்கவுண்டர் செல்லமுத்து இவ்வாறு தமுக்கடிக்கச் செய்தார்.

அவள் செய்த குற்றம், கண்டதைச் சொன்னது. கவுண்டரின் வைக்கோற்போர் எரிந்தபோது பழி பண்ணையாள் ரங்கன்மேல் விழுந்தது. கவுண்டரின் தம்பி வீசியெறிந்த பீடியிலிருந்து தீ கிளம்பியதைக் கண்ணாத்தாள் பார்த்திருந்தாள். நாமக்கல் கோர்ட்டில் கூண்டேறி அதையே சொன்னாள். விடுதலையான ரங்கன் குடும்பத்தோடு தம்மம்பட்டிப் பக்கம் போய்விட்டான். பகை முழுவதும் அவள் தலையில் இறங்கியது. கோயில் முன் விழுந்து "பொய் சொன்னேன்" என்றால் விலக்கு நீங்கும்.

அப்போது ஐப்பசி. புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே அவள் காட்டில் கடலைக்காய் முற்றி நின்றது. ஒருவர் காட்டுக் கடலையைப் பல வீட்டார் கூடிப் பிடுங்குவது அவ்வூர் வழக்கம். இவ்வாண்டு அவளுக்கு ஆளில்லை. அடைமழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். கைம்பெண்ணான அவளுக்கு ஆண்டுச் சோறு அந்தக் காடுதான்.

கவுண்டர் அழுகையை எதிர்பார்த்தார். பிறர் அவளோடு பேசுவதைத் தடுத்தவர், அவள் பிறரோடு பேசுவதைத் தடுக்க மறந்துவிட்டார். பொதுக்கிணற்றைக் கடக்கும்போதெல்லாம் அவள் நின்று நலம் விசாரித்தாள்.

"ஏனுங்க அங்காளம்மா, பேத்திக்குக் காச்ச உட்டுதுங்களா? வாயத் தொறக்க வேண்டாஞ் சாமி, தலைய ஆட்டுனாப் போதும். தலைக்கு வெலக்கில்லீங்க!"

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினார்கள். ஊரே விலக்கிய ஒருத்தி வயிறாரத் தின்று, வாய்விட்டுச் சிரித்து, பொழுது சாய்ந்ததும் நிம்மதியாக உறங்குகிறாள் என்ற செய்தி கவுண்டருக்கு எட்டியது. அது அவர் உறக்கத்தைக் கெடுத்தது.

கொல்லிமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்த ஒரு மாலையில், தனியே செடி பிடுங்கிக்கொண்டிருந்தவளின் வரப்போரம் கவுண்டரின் சவாரிவண்டி வந்து நின்றது. உடன் பங்காளி சுப்பையன். தாமே போட்ட விலக்கைத் தாமே மீற முடியாதல்லவா? கவுண்டர் இறங்கி, மயிலைக்காளையின் கழுத்தைத் தடவி, அதனிடம் பேசலானார்.

"ஏண்டா மயிலை, பொய் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். 'செரியாத் தெரியலைங்க' அப்படின்னு ஒரு வார்த்த. அது போதும். வெடியறதுக்குள்ள ஊரே வந்து இந்தக் காட்டப் புடுங்கிப் போடும்."

"கேக்கறது காளைங்களா, மாமா, இல்ல நீங்களுங்களா?" என்றாள் கண்ணாத்தாள். அவர் அவளுக்கு மூத்தார், கணவனின் அண்ணன் முறை.

"மானத்தப் பாருடா மயிலை. கெழக்க மழ எறங்குது."

அவள் நிமிர்ந்து கிழக்கே பார்த்தாள். பாதிக் காடு இன்னும் பிடுங்காமல் கிடந்தது. கேட்பது ஒரே வார்த்தை. அதற்கு ஓராண்டுச் சோறு கிடைக்கும். வயிறு அதை விரும்பத்தான் செய்தது. அவள் மறைக்கவில்லை, தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். ஆனால் கணவன் மாண்ட ஆண்டிலேயே, தன்னுடையது எது, அல்லாதது எது என்று பிரித்து வைத்துக்கொண்டவள் அவள். மழை அவளைக் கேட்டுப் பெய்வதில்லை; ஊர் அவளைக் கேட்டுப் பேசுவதில்லை; இவற்றுக்காக அழுவது, தன்னுடையதல்லாத பண்டம் களவு போயிற்றென்று அழுவதற்குச் சமம். அவளுடையதென்று மிஞ்சுவது அவள் நாவும் அதை ஆளும் மனமும். அவற்றையும் கொடுத்துவிட்டால், அறுவடையை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பதற்குக் கண்ணாத்தாள் என்று ஒருத்தி இருக்கமாட்டாள்.

"செரியாத் தெரிஞ்சுதுங்க, மாமா. பட்டப்பகல். பீடி உங்க தம்பி கையில இருந்துதுங்க. மழ வந்தா வரட்டும். காய் போனாக் காய்தானுங்க போகுது."

"காடு அழுகிப் போனா என்னத்தடி திம்ப? அத்தன திமிரா உனக்கு?" கவுண்டர் காளையை விட்டு அவள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

சுப்பையன் இரண்டடி பின்வாங்கினான். "அண்ணா... அவகிட்டயே பேசிப்போட்டீங்களே!"

கவுண்டரின் கை மீசைக்குப் போய் அங்கேயே நின்றது. "இங்க யாரு கேட்டா?" என்றார் தாழ்ந்த குரலில். "நீயும் கேக்கல. அவளும் சொல்லமாட்டா."

"நானாப் போயித் தமுக்கடிக்க மாட்டேனுங்க," என்றாள் அவள். "ஆனா எவராச்சும் கேட்டா, 'பேசுனாரு'ன்னுதானுங்க சொல்லுவேன். உங்களுக்குன்னு வேற வாய் வெச்சிருக்கறனுங்களா?"

பெருந்துளிகள் விழத் தொடங்கின. சுப்பையன் வண்டியில் ஏறவில்லை. விலக்குக்கு ஆளாகிவிட்ட கவுண்டரின் பக்கத்தில் உட்காரவும் அஞ்சி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பிலேயே ஊரை நோக்கி நடந்தான். கவுண்டர் அவனைக் கூப்பிட வாயெடுத்தார். பிறகு கூப்பிடாமல் வண்டியைத் தாமே ஓட்டிப் போனார்.

மழை நாள்கணக்கில் விடவில்லை. கண்ணாத்தாள் குனிந்த முதுகு நிமிராமல் பிடுங்கினாள். கைக்கு வந்தது வந்தது, மற்றது முளைத்தது. கவுண்டரின் வண்டி போன அந்த முதல் மாலையிலோ, மழையில் சேறு கழுவப்பட்ட காய் ஒன்றைப் பல்லால் உடைத்து மென்றபடியே, இடுப்பளவு ஈரத்தோடு அவள் அடுத்த சாலுக்குப் போனாள். பச்சைக் கடலை பாலாக இனித்தது.